அச்செழுத்திலிருந்து கைப்பேசிவரை: கத்தோலிக்க இறைப்பணியும் இணையத் தமிழும்



இப்பொழிவின் தலைப்பைக் கேட்டவுடன், சைவக் குடும்பத்திற் பிறந்த ஒருவன் கத்தோலிக்கத் திருச்சபையின் பணியைப் பற்றிப் பேச எவ்வாறு முன்வந்தான் என்று உங்களிற் சிலர் வியந்திருக்கலாம். சமயக் கொள்கையை விளக்குவது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. ஒரு சமயச் சமூகம் தன் மக்களை இணையத்தின் வழியாக அடைய முயலும்போது மொழி எவ்விடத்தில் துணை நிற்கிறது, எவ்விடத்தில் தடையாகிறது என்பதை ஒரு மொழியியலாளனின் கண்கொண்டு ஆராய்வதே என் நோக்கம். இங்குக் கூறப்படுவனவற்றுட் பல, தமிழைப் பயன்படுத்தும் எல்லாச் சமய, சமூக அமைப்புகளுக்கும் பொருந்தும்.

1. ஒரு மூதாட்டியாரின் வினா

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் அடுக்குமாடியில் அதே தளத்தில் வாழும் ஒரு மூதாட்டியார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, எங்க கோயில்ல தமிழ்ப் பூசை எத்தனை மணிக்குன்னு இதுல பாத்துச் சொல்லுங்க" என்றார். அவர் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த கத்தோலிக்கர். முந்தைய வாரம் தம் கணவரின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்குச் சென்றிருக்கிறார். நேரம் மாற்றப்பட்டிருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்களாம். மாற்றத்தைப் பங்கின் இணையப்பக்கத்தில் அறிவித்துவிட்டதாகப் பொறுப்பாளர் கூறியிருக்கிறார். அவர் கூறியது உண்மையே.

நான் தேடுபொறியில் "தமிழ்ப் பூசை நேரம்" என்று தட்டினேன். நம் தீவின் இந்துக் கோயில்களின் நேரங்களே வரிசையாக வந்தன. அப்பங்கின் பக்கத்திற்கே நேரடியாகச் சென்று நெடுநேரம் துழாவிய பின்னரே அறிவிப்பு கிடைத்தது. அது எழுத்தாக இல்லை. வண்ணச் சுவரொட்டி ஒன்றின் படமாக இருந்தது. அதில் "பூசை" என்ற சொல்லே இல்லை, "திருப்பலி" என்றிருந்தது.

அறிவித்தவர் தம் கடமையைச் செய்தார். தேடியவரும் தம்மால் இயன்றவாறு தேடினார். இருவரும் தமிழையே பயன்படுத்தினர். ஆயினும் செய்தி சென்று சேரவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது என்பதே இவ்வுரையின் பொருள்.

2. பழைய முயற்சிகளில் ஒரு பாடம்

புதிய ஊடகத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்தவர்களில் கத்தோலிக்கத் துறவிகள் முன்னோடிகள். 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சிடப்பட்டது. இந்தியர் மூவர் அதனைத் தொகுத்தனர். அதிலிருந்த மொழி தமிழ். எழுத்தோ உரோமன் எழுத்து. தமிழ் எழுத்துகள் அன்று வார்க்கப்பட்டிராமையால், கையிலிருந்த அச்சைக்கொண்டே தமிழை எழுதினர். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 1578-இல், கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. பதினாறு பக்கங்களே கொண்ட அந்நூலை ஆக்கியவர் என்ரிக்கே என்ரிக்கசு அடிகளார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குண்டு.

இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். முதலாவது நூல், கருவிக்கேற்ப மொழியை வளைத்தது. இரண்டாவது நூல், மொழிக்கேற்பக் கருவியைச் செய்துகொண்டது. இன்று வாட்ஸ்அப்பில் உரோமன் எழுத்தில் தமிழை எழுதும் இளையரைக் கண்டு நாம் மனம் வருந்துகிறோம். நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் அந்நிலையைக் கண்டு, அதனைக் கடந்தும் வந்திருக்கிறது என்பது நமக்கு ஆறுதல் தரலாம்.

வீரமாமுனிவரிடம் (1680–1747) மற்றொரு பாடம் உண்டு. "தேம்பாவணி"யைப் புலவர்க்குரிய செய்யுள் நடையில் பாடிய அவரே, "பரமார்த்த குருவின் கதை"யை எளிய உரைநடையில் எழுதினார். செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் வழங்கிய கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் இலத்தீனில் வரைந்தார். யாருக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அதன் பின்னரே நடையைத் தேர்ந்தார் என்பது தெளிவு. இணையப்பக்கம் நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டல் வேண்டியதில்லை.

3. திருச்சபை எடுத்த நிலைப்பாடு

1931-இல் மார்க்கோனியின் துணையுடன் வத்திக்கான் வானொலி தொடங்கப்பட்டது. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மொழியியல் நோக்கில் குறிக்கத்தக்க ஒரு நாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்று இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று, வழிபாட்டில் மக்களின் தாய்மொழிக்கு இடமளித்தது. மற்றொன்று, சமூகத் தொடர்பு ஊடகங்களைப் பற்றியது. மக்களின் மொழியும் மக்களின் ஊடகமும் ஒரே நாளில் ஏற்கப்பட்டன. 1967 முதல் உலகச் சமூகத் தொடர்பு நாள் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

வத்திக்கானின் இணையத்தளம் 1995-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று திறக்கப்பட்டது. 2001 நவம்பரில், ஓசியானியப் பகுதித் திருச்சபைக்குரிய தம் ஏட்டினை இரண்டாம் யோவான் பவுல் மின்னஞ்சல் வழியே அனுப்பினார். 2002-இல் "திருச்சபையும் இணையமும்" என்ற ஏடு வெளிவந்தது. 2010-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், எண்ணிம உலகில் குருக்கள் ஆற்றவேண்டிய மேய்ப்புப்பணியைப் பதினாறாம் பெனடிக்ட் பொருளாக எடுத்துக்கொண்டார். 2012 டிசம்பரில் திருத்தந்தையின் டுவிட்டர் கணக்கு இயங்கத் தொடங்கியது. 2023 மே மாதத்தில் வெளியான ஏடு, சமூக ஊடகத்தில் ஒருவர் நடந்துகொள்ள வேண்டிய முறையை நல்ல சமாரியர் உவமையைக்கொண்டு விளக்குகிறது. வழியில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு விலகிச் செல்பவரா, அருகில் செல்பவரா என்னும் அவ்வுவமையின் வினா, திரையில் விரலைத் தள்ளிக்கொண்டே செல்லும் நம் எல்லோர்க்கும் உரியது.

ஆக, இணையத்தைப் பயன்படுத்தலாமா என்ற வினா திருச்சபைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எம்மொழியில், எந்நடையில், எவ்வளவு எல்லைக்குள் என்ற வினாக்களே எஞ்சியுள்ளன.

4. எழுத்து படமாகும்போது

மூதாட்டியார்க்கு நேர்ந்த தடைகளுள் முதலாவதை எடுத்துக்கொள்வோம். அறிவிப்பு ஏன் படமாக இருந்தது?

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. தொடக்கக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள், உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டவை. அனுப்புநரின் எழுத்துரு பெறுநரிடம் இல்லையேல், திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் நம் வட்டாரத்திற்குச் சிறப்பிடம் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்கு வழியமைத்தார். அவரது முயற்சியால் 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கு நடைபெற்றது. பின்னர் யூனிகோடு குறியீடு பரவலாக ஏற்கப்பட்டதும், எந்தக் கருவியில் எழுதினாலும் எந்தக் கருவியிலும் படிக்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

கருவி மாறியது; பழக்கம் மாறவில்லை. குறிகளாகச் சிதறிவிடும் என்ற அச்சத்தால் அன்று தமிழைப் படமாக்கி அனுப்பினர். அவ்வச்சம் நீங்கிய பின்னும் அவ்வழக்கம் நீடிக்கிறது. படமாகிவிட்ட எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பார்வைக்குறை உடையோர்க்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதன்முன் பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறது. கண் மங்கிய முதியோர் எழுத்தைப் பெரிதாக்க முயன்றால் வடிவம் சிதைகிறது. மொழிபெயர்ப்புக் கருவிக்கும் அது எளிதில் எட்டுவதில்லை. சுவரொட்டி அழகாக இருக்கட்டும். அதன் கீழே அதே செய்தி நான்கு வரிகளில் தட்டெழுத்தாகவும் இருக்கட்டும். இதற்குச் செலவில்லை, ஐந்து நிமிட உழைப்பே போதும்.

5. ஒரு பொருளுக்கு இரு சொற்கள்

இரண்டாவது தடை சொல்லைப் பற்றியது. தமிழ்க் கத்தோலிக்கரின் சமயச்சொற்கள் ஒரு நூற்றாண்டுக்குள் பெருமாற்றம் கண்டுள்ளன. சர்வேசுரன் இறைவனாகவும், மேற்றிராணியார் ஆயராகவும், ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவாகவும், சுவிசேஷம் நற்செய்தியாகவும், பாப்பரசர் திருத்தந்தையாகவும், பூசை திருப்பலியாகவும் மாறின. தனித்தமிழ் உணர்வும், தாய்மொழி வழிபாட்டுக்காகச் செய்யப்பட்ட புதிய மொழிபெயர்ப்புகளும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய "திருவிவிலியம்" புதிய சொற்களை நிலைநிறுத்தியது.

மொழித்தூய்மை நோக்கில் இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால், சொல் மாறும் விரைவும் மனிதர் மாறும் விரைவும் ஒன்றல்ல. பத்து வயதில் பாட்டியின் மடியில் கற்ற செபத்தை ஒருவர் எண்பது வயதிலும் அச்சொற்களாலேயே சொல்கிறார். அதிலும், தமிழகத்திலிருந்து கடல்கடந்து வந்த சமூகங்கள் தாம் புறப்பட்டபோது கொண்டுவந்த சொற்களை நெடுங்காலம் காத்துவைக்கும் இயல்புடையவை. மொழியியலில் இது நன்கறிந்த உண்மை. தோட்டப்புறச் சிற்றாலயத்தில் வழங்கிய சொல் ஒன்று. அண்மையில் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞரின் சொல் மற்றொன்று. இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் சிந்திக்கும் பேரப்பிள்ளையின் சொல் மூன்றாவது. ஞாயிறன்று மூவரும் ஒரே இருக்கை வரிசையில் அமர்கின்றனர். தேடுபொறியின்முன் மூவரும் வெவ்வேறு உலகத்தவர்.

ஆலயத்தில் இந்த வேறுபாடு இடர் விளைவிப்பதில்லை. பூசை என்று கேட்டவர்க்குத் திருப்பலி என்று விடைகூறினாலும் சூழல் பொருளை உணர்த்திவிடும். எந்திரத்திற்கு அச்சூழல் எளிதில் பிடிபடுவதில்லை. எழுதப்பட்ட சொல்லையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆதலின், அதிகாரமுறைச் சொல்லோடு மக்கள் வழக்கையும் ஒருமுறையேனும் எழுதிவைக்க வேண்டும். "ஞாயிறு தமிழ்த் திருப்பலி, அதாவது தமிழ்ப் பூசை" என்று ஒரு வரி இருந்திருந்தால் அம்மூதாட்டியார் பக்கத்தைக் கண்டிருப்பார். இதனால் புதிய சொல்லின் மதிப்புக் குறையாது. அகராதியாசிரியர் ஒவ்வொருவரும் செய்யும் பணி இதுதான்.

6. நடையும் எழுத்தும்

தமிழ் இரட்டைவழக்கு மொழி. எழுதுவது ஒரு வழக்கு. பேசுவது மற்றொரு வழக்கு. அச்சு ஊடகத்தில் எழுத்துவழக்கே போதியதாயிருந்தது. சமூக ஊடகமோ எழுத்தில் நிகழும் பேச்சு. அங்கே செந்தமிழில் எழுதினால் மேடைப்பேச்சுப்போல் ஒலிக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதினால் பலர் முகஞ்சுளிக்கின்றனர்.

சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டில் நடைபெற்ற தமிழ்மொழிப் பாடத்திட்ட மீளாய்வு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று கண்டது. பேசப்படாத மொழி வாழாது என்பதே அதன் அடிப்படை. அதே தெளிவு இப்பணிக்கும் உதவும். ஆலய வரலாறு, மறைக்கல்வி விளக்கம், வழிபாட்டு நேரம் முதலிய நிலையான செய்திகள் இணையத்தளத்திற்கு உரியவை. அவை எழுத்துத் தமிழில் அமையட்டும். ஆறுதல் சொல்வது, நலம் உசாவுவது, நாளைய கூட்டத்தை நினைவூட்டுவது ஆகியன சமூக ஊடகத்திற்கு உரியவை; அவற்றை ஒலிப்பதிவாகப் பேச்சுத்தமிழில் அனுப்பலாம். தமிழ் எழுத்தைப் படிக்கத் தடுமாறும் இளையரும், தட்டெழுத்து அறியாத முதியோரும் ஒன்றாகக் கேட்கக்கூடியது குரல் ஒன்றே. ஒரு நிமிடக் குரல் இரு தலைமுறைகளைச் சென்றடையும்.

உரோமன் எழுத்துத் தமிழைப் பற்றியும் ஒரு சொல். அதில் லகரமும் ளகரமும் ழகரமும் பலர் கையில் ஒன்றாகிவிடுகின்றன. குறில் நெடில் வேறுபாடும் மறைகிறது. "பலி" என்பதும் "பழி" என்பதும் ஒரே வடிவம் பெறும். "ஆவி" என்பதும் "அவி" என்பதும் அவ்வாறே. வழிபாட்டு நூலில் இத்தகைய மயக்கம் ஏற்கத்தக்கதன்று. எனினும், இளையர் ஒருவர் உரோமன் எழுத்தில் வினா எழுப்பினால், எழுத்தைக் குறைகூறி அவரை விரட்டிவிடலாகாது. அவர் வினாவிற்குத் தமிழ் எழுத்தில் விடை தந்து, கீழே உரோமன் எழுத்திலும் ஒருமுறை எழுதிவிட்டால், அவ்விடையே ஒரு பாடமாகும். 1554-இலிருந்து 1578-க்குச் சென்ற பாதை அதுவே.

7. திரையின் எல்லைகள்

சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி நடுவில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த மாதம் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழை பெய்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று மன்றாடிய காட்சியை உலகமே திரையில் கண்டது. அம்மாதங்களில் நேரலை வழிபாடு பல இல்லங்களுக்கு ஊன்றுகோலாயிற்று.

அக்காலம் ஓர் உண்மையையும் உணர்த்தியது. தமிழ்த் திருப்பலியைக் காண விரும்புவோர்க்குத் தமிழகத்துத் தொலைக்காட்சிகளும் வேளாங்கண்ணி நேரலையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒளிப்பதிவுத் தரத்தில் நம் சிறு பங்குகள் அவற்றோடு போட்டியிட இயலாது, போட்டியிடவும் வேண்டியதில்லை. ஆனால், வேளாங்கண்ணியின் நேரலையில் அம்மூதாட்டியாரின் கணவர் பெயர் ஒலிக்காது. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஓஃபீர் சாலையில் எழுந்த லூர்து அன்னை ஆலயம் போன்றவற்றின் நினைவுகளும், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னா திருவிழாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது போன்ற செய்திகளும் வேறெங்கும் கிடைக்கா. உள்ளூர்ப் பக்கத்தின் வலிமை உள்ளூர்ச் செய்தியில்தான் இருக்கிறது.

எல்லைகளும் உண்டு. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002-ஆம் ஆண்டின் ஏடு தெளிவாகக் கூறுகிறது. ஒப்புரவை மின்னஞ்சலில் பெற இயலாது. நற்கருணையைத் திரை வழியே உண்ண இயலாது. ஆகவே, பங்கின் பக்கம் நேரில் வருவதற்குரிய வாயிலாக அமைவதே முறை.

அந்தரங்கமும் அத்தகைய எல்லையே. நோயுற்றவர்க்காக மன்றாடுமாறு வேண்டும் செய்தி நல்லெண்ணத்தோடு அனுப்பப்படுகிறது. அதில் நோயாளியின் பெயர், நோய், மருத்துவமனைப் படுக்கை எண் ஆகியனவும் சேர்ந்துவிடுகின்றன. அது ஒரு குழுவிலிருந்து பத்துக் குழுக்களுக்குச் சென்றபின் திரும்பப் பெற வழியில்லை. தனிநபர் தரவைப் பாதுகாக்க மலேசியாவில் 2010-ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டத்திற்கு முன்பே பண்பாடு உண்டு: உரியவரின் இசைவின்றிப் பெயரையோ பிள்ளைகளின் படத்தையோ வெளியிடலாகாது. "நம் பங்கைச் சேர்ந்த ஒருவர்க்காக" என்று எழுதினாலும் மன்றாட்டின் பொருள் குறையாது.

8. நிறைவாக

நான் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறேன். செய்தியை எழுத்தாகத் தருக. படம் துணையாக இருக்கட்டும். புதிய சொல்லோடு பழைய சொல்லையும் தருக. தளத்திற்கு எழுத்துவழக்கும், குழுவிற்குக் குரலும் பொருந்தும். மாறிய நேரத்தை மாற்றிய அன்றே திருத்துக. பழைய அறிவிப்பை நீக்குக. எவர் பெயரையும் இசைவின்றி வெளியிடற்க. இவற்றுள் எதற்கும் பெரும்பொருளோ உயர்தொழில்நுட்பமோ வேண்டுவதில்லை. படிப்பவர் யார், எந்தச் சொல்லோடு வருகிறார் என்று ஒரு கணம் எண்ணிப்பார்க்கும் மனம் வேண்டும்.

அம்மூதாட்டியாரின் செய்திக்கு வருகிறேன். சுவரொட்டியிலிருந்த புதிய நேரத்தை அவர்க்குப் படித்துக் காட்டினேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித்தரச் சொல்லிக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டிக்கொண்டார். பங்குத்தந்தை மற்றொரு ஞாயிறன்று அவர் கணவர்க்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். "அவரு பேரச் சொன்னாங்க தம்பி, காதால கேட்டேன்" என்று பின்னர் என்னிடம் கூறினார்.

இணையப்பக்கம் செய்யவேண்டியிருந்த பணியை ஒரு தாள் செய்தது. அடுத்த முறை பக்கமே அதனைச் செய்யட்டும்.